கனபோ ஈட்டி முனை: மட்டமான பட்டறை வேலையா?

மார்ச் 3, 2024 (வாசகர் ஒருவர் எழுதியது)

கனபோ என்ற பெயரில் ஜப்பானிய ஈட்டி முனைகள் அடிக்கடி ஏலத்துக்கு வருகின்றன. கனபோ என்பவர்கள் யமாதோ என்ற பழைய வாள் மரபின் கடைசிக் காலத்துக் கொல்லர்கள், போர் நடந்த அவசரத்தில் மொத்தமாக அடித்துத் தள்ளியவர்கள். நல்ல வாளின் விலைக்குப் பக்கத்தில்கூட இவை போவதில்லை. மட்டமான வேலை என்பதற்கு விலையே சாட்சி. இதை வாங்குவது காசைத் தண்ணீரில் போடுவதுதான். மாற்றுக் கருத்து உண்டா?

மார்ச் 3, இரவு

உண்டு. என்னிடம் ஒன்று இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

ஒசாகாவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். மூன்று வருடம் முன்பு பழம்பொருள் கடை ஒன்றில் வாங்கிய நேர் ஈட்டி முனை. வெட்டும் பகுதி 24.3 செ.மீ. கம்புக்குள் இறங்கும் வால் அதைவிட நீளம், 31 செ.மீ. குறுக்கே வெட்டிப் பார்த்தால் தட்டையான முக்கோணம்: ஒரு பக்கம் அகலமாகப் படுத்திருக்கும், மற்ற இரண்டும் சரிந்து நடு முதுகில் சேரும். படுத்த பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம். அதில் சிவப்பு அரக்குப் பூச்சு இன்னும் மிச்சம் இருக்கிறது. வாலில் நான்கு எழுத்து தெளிவாகப் படிக்கலாம், ‘நாந்தோ ஜூ கன...’ வரை. நாந்தோ என்றால் தெற்குத் தலைநகர், அதாவது நாரா. ஜூ என்றால் அங்கே வசிப்பவர். கன வரைக்கும் வந்துவிட்டது, அதற்குக் கீழே துரு தின்றுவிட்டது.

முனை நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும் அந்தக் கோட்டில், மூன்று பக்கமும் ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அவசரத்தில் அடித்த கைக்கு இது வராது. விலை விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், அதற்குத் தனிக் காரணம் இருக்கிறது.

மார்ச் 4

முதலில் இந்த மரபு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

யமாதோ என்பது இன்றைய நாரா. அங்கே ஐந்து பழைய வாள் மரபுகள்: செஞ்ஜுயின், தெகாய், தாய்மா, ஷிக்காகே, ஹோஷோ. ஏறக்குறைய எல்லாமே கோயில்களை ஒட்டி வளர்ந்தவை. தெகாய் என்ற பெயரே தோதாய்ஜி கோயிலின் மேற்குப் பக்கத்து வாசலான தெங்காய்-மோனிலிருந்து வந்தது. வாசலுக்கு வெளியே கொல்லர்கள் குடியிருந்தார்கள். கோயில்களுக்குச் சொந்தப் படை இருந்தது, சோஹேய் என்ற ஆயுதம் தாங்கிய துறவிகள். அவர்களுக்கு வேண்டிய ஆயுதத்தை இந்தக் கொல்லர்கள் செய்து கொடுத்தார்கள். கோயில் சொல்லி வாங்கும் பொருளில் பெயர் பொறிக்கும் வழக்கம் குறைவு. அதனால் யமாதோ வேலையில் கையெழுத்தில்லாதவைதான் அதிகம்.

கனபோ இந்த ஐந்தில் சேராது. முரோமாச்சி காலத்தின் கடைசியில், 16-ஆம் நூற்றாண்டில், அதே நாரா நகரில் தலையெடுத்த கூட்டம். வாளும் செய்தார்கள், ஆனால் பேர் வாங்கியது யாரி என்ற ஈட்டியிலும் நாகினாதா என்ற நீள்கம்பு வாளிலும். யமாதோ வழக்கப்படி இவர்களும் பெரும்பாலும் கையெழுத்து போடாதவர்கள்.

மார்ச் 4, அரை மணி நேரம் கழித்து

மேலே கடைசி வரி தவறு. அழிக்காமல் விடுகிறேன், ஏனென்றால் நான் இரண்டு வருடம் நம்பிய தவறு அது.

கையெழுத்து போடாதது பழைய ஐந்து மரபுகளின் வழக்கம். கனபோ நேர் எதிர். தாராளமாக, நீளமாகப் பொறித்தார்கள்: ‘நாந்தோ ஜூ கனபோ ஹியோஎ-நோ-ஜோ மசத்சுகு’. ஊர், கூட்டத்தின் பெயர், பதவிப் பெயர், ஆள் பெயர், எல்லாம். மசத்சுகு, மசசானே, மசநாகா என்று ‘மச’ வைத்த பெயர்கள் வரிசையாக வரும். தென்ஷோ ஆண்டுகளில் (1573–1592) தேதி போட்டவையும் உண்டு.

இந்த வித்தியாசம் எனக்கு இப்போது முக்கியமாகப் படுகிறது. கோயிலுக்கு மட்டும் செய்தவன் பெயர் போடத் தேவையில்லை, வாங்குபவனுக்கு ஆளைத் தெரியும். ஊர்ப் பெயரோடு பொறிப்பவன் ஊருக்கு வெளியே போகும் சரக்கைச் செய்கிறான். கனபோ காலத்தில் வாங்கும் கை மாறிவிட்டது என்றுதான் நான் படிக்கிறேன்.

மார்ச் 6

விலைக்கு வருகிறேன். கேள்வி கேட்டவருக்கு இதில் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஈட்டி மலிவாகப் போவதற்குக் காரணம் வேலையின் தரம் என்று நானும் நினைத்தேன். என் முனையை மெருகேற்றக் கொடுக்கலாம் என்று ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். நாற்பது வருடத்துக்கு மேல் வாள்களைக் கல்லில் தேய்த்து மெருகேற்றுபவர், இங்கே தோகிஷி என்பார்கள். அவர் முனையை வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் தொகை சொன்னார். நான் அதை வாங்கிய விலையைவிட அதிகம்.

ஏன் என்று கேட்டேன். கையில் வைத்தே காட்டினார். வாளுக்கு இரண்டு பக்கம், நீளமாகக் கல்லில் இழுக்கலாம். இதற்கு மூன்று பக்கம். மூன்றும் சந்திக்கும் விளிம்புகள் உருண்டுவிடக் கூடாது. வெட்டும் பகுதி முடிந்து வால் தொடங்கும் முன் ஒரு கழுத்து இருக்கிறதே, கெராகுபி, அந்த மூலையில் கல் போகாது. விரல் நுனியில் சின்னச் சில்லுகளை வைத்துத் தேய்க்க வேண்டும். பள்ளத்தின் உள்பக்கம் தனி வேலை. அதனால் வாளைவிட ஈட்டிக்கு மெருகுக்கூலி அதிகம், பலர் எடுப்பதே இல்லை.

இப்போது வாங்குபவர் பக்கம் யோசியுங்கள். மெருகு போன முனையில் எஃகின் இழையும் தெரியாது, தோய்ச்சல் கோடும் (சூடாக்கித் தண்ணீரில் தோய்த்து விளிம்பைக் கடினமாக்கியதால் விழும் கோடு) தெரியாது. தெரிய வைக்கச் செலவு பண்ணினால் பொருளின் விலையைத் தாண்டிவிடும். அதனால் யாரும் பண்ணுவதில்லை. அதனால் முனைகள் மங்கிப்போய், மலிவாக, ஒரு மூலையில் கிடக்கின்றன. மெருகில்லாமல் பார்ப்பவர் மட்டமான வேலை என்கிறார்.

இன்னொன்று, கம்பு. இரண்டு, மூன்று மீட்டர்க் கம்பை எந்த வீட்டில் வைப்பது? கம்பு போய் முனை மட்டும் தங்கியவை ஏராளம். வாளுக்கு உறை, பிடி, கைக்காப்பு என்று தனியாகவே சேகரிக்க ஆட்கள் உண்டு. ஈட்டிக்கு அந்தச் சந்தையும் இல்லை.

மலிவு உண்மை. அதை வைத்துக் கொல்லரை எடை போடுவதைத்தான் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 9

கனபோ எவ்வளவு பெரிய பெயர் என்று கேட்டவருக்கு: ஜப்பானின் மூன்று பெரும் ஈட்டிகள் என்று ஒரு வரிசை இருக்கிறது. நிஹோன்கோ, தோன்போகிரி, ஓதேகினே. இதில் இரண்டு கனபோ கையில் உருவானவை.

தோன்போகிரி, பிற்பாடு ஜப்பானை ஆண்ட இயெயாசுவின் தளபதி ஹோண்டா தடகாத்சுவுடையது. முனையில் உட்கார வந்த தும்பி இரண்டாக அறுந்து விழுந்ததால் ‘தும்பி வெட்டி’ என்று பெயர். வெட்டும் பகுதி 43.7 செ.மீ., எடை 498 கிராம். மூங்கில் இலை போல நடுவில் பருத்து நுனியில் ஒடுங்கும். வயதான காலத்தில் தன் பலத்துக்குத் தகுந்தபடி கம்பை மூன்று அடி போல வெட்டிக் குறைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்கும். தும்பிக் கதையைவிட அதில் ஒரு மனிதர் தெரிகிறார்.

மார்ச் 10

ஒரு நண்பர் சரியாகவே திருத்தியிருக்கிறார். தோன்போகிரியில் உள்ள கையெழுத்து ‘ஃபுஜிவாரா மசசானே சாகு’. இந்த மசசானே மிகாவா என்ற வேறு பகுதியின் கொல்லர். நாராவின் கனபோ மசசானேவும் உச்சரிப்பில் அதே பெயர்தான் என்பதால் இருவரையும் ஒருவராக்கிப் பேசும் வழக்கம் இருந்தது, நானும் அப்படித்தான் படித்திருந்தேன். ‘இரண்டு’ என்பதை ‘ஒன்று’ என்று மாற்றிப் படியுங்கள்.

மூன்றாவதான ஓதேகினே ஷிமாதா யோஷிசுகே செய்தது. வெட்டும் பகுதி மட்டும் 138 செ.மீ. 1945 தோக்கியோ குண்டுவீச்சில் அழிந்துபோனது. இன்று இருப்பவை பிற்காலத்து நகல்கள்.

மார்ச் 12

மிஞ்சிய அந்த ஒன்றைப் பற்றி.

நிஹோன்கோ ஃபுகுவோகா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போன வேலை வேறு. அரை நாள் கிடைத்ததும் நேராக அங்கே போய்விட்டேன். வெட்டும் பகுதி 79.2 செ.மீ., கம்போடு சேர்த்து 321.5 செ.மீ. எண்ணாகப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்றபோதுதான், ஒரு வாளின் நீளத்துக்கு முனையே இருக்கிறது, அதை ஒருவர் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார் என்பது உறைத்தது. கம்பு முழுக்கச் சிப்பி பதித்திருக்கிறது, நகர்ந்து பார்த்தால் பச்சையும் நீலமும் கூடவே நகரும்.

முனையின் பள்ளத்துக்குள் ஒரு வாளைச் சுற்றிப் பின்னிய நாகம் செதுக்கியிருக்கிறது, குரிகாரா. நாகத்தின் செதில் ஒவ்வொன்றையும் தனியாக எண்ணலாம். நான் குனிந்து, இடது பக்கம் போய், வலது பக்கம் வந்து, காவலர் பார்வையில் படும் அளவுக்கு நின்றேன். செதுக்கியதால் எஃகு மெலிந்திருக்குமே, அப்படியும் வளையாமல் நிற்க அடித்திருக்கிறானே என்பதுதான் மனதில் ஓடியது.

கதை தெரிந்ததுதான். அரண்மனைப் பொருளாக இருந்து, கடைசி ஆஷிகாகா ஷோகன் (படைத்தலைமை ஆட்சியாளர்) யோஷியாகி, அவருக்குப் பின் அதிகாரத்துக்கு வந்த நொபுனாகா, ஹிதேயோஷி கைகளைக் கடந்து ஃபுகுஷிமா மசநோரி என்ற தளபதிக்கு வந்ததாகச் சொல்வார்கள். 1583 ஷிசுகதாகே போரில் ‘ஏழு ஈட்டிகள்’ என்று பேர் வாங்கிய வீரர்களில் ஒருவர் மசநோரி. குரோதா என்ற பிரபு வீட்டுத் தூதுவராகப் போன மோரி தாஹேயிடம், ஒரு பெரிய கிண்ணம் நிறையச் சாகே என்ற அரிசி மது ஊற்றி, ‘இதைக் குடித்தால் கேட்டதைத் தருகிறேன்’ என்றார். மோரி குடித்தார், ஈட்டியைக் கேட்டார். இன்றும் ஹகாதா ரயில் நிலையத்துக்கு முன்னால் மோரி, கையில் ஈட்டியோடு சிலையாக நிற்கிறார். 1978-இல் குரோதா குடும்பம் அந்த ஈட்டியை நகரத்துக்கே கொடுத்துவிட்டது.

இந்த ஈட்டியில் கையெழுத்து கிடையாது. கனபோ என்பது வேலையைப் பார்த்து அறிஞர்கள் சொல்லும் கணிப்பு. ஊர், பதவி, பெயர் எல்லாம் பொறிக்கும் கூட்டம் இதில் மட்டும் ஏன் பொறிக்கவில்லை? மார்ச் 4-இல் நான் சொன்னதை இங்கே திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன்: அரண்மனைக்கோ மிகப் பெரிய வீட்டுக்கோ செய்ததானால் பெயர் போடத் தேவை இருந்திருக்காது. இது என் ஊகம் மட்டும்.

மார்ச் 17

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். புதிதாக வாங்குபவர்கள் இங்கே நிறையப் பேர் படிக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

என் முனையின் வாலில் கீழ்ப்பாதி எழுத்தைத் துரு தின்றுவிட்டது என்று முதல் நாள் சொன்னேன். பாதிதான் உண்மை. மீதியைத் தின்றது நான்.

வாங்கிய முதல் மாதம். ‘கன’வுக்குக் கீழே ஏதோ கோடுகள் தெரிகிற மாதிரி இருந்தது. எண்ணெய் விட்டு, பருத்தித் துணியால் தேய்த்தேன். துணியில் கறுப்பாக வந்தது, சந்தோஷமாக இருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். மூன்றாம் நாள் மிக மெல்லிய உப்புத்தாளை எடுத்துவிட்டேன். ஒரு கட்டைவிரல் அகலத்துக்குப் பளிச்சென்று வெள்ளையாக ஆகிவிட்டது. கோடுகள் தெரியவில்லை, இருந்த நிழலும் போய்விட்டது.

மெருகுக்காரப் பெரியவரிடம் போனபோது அவர் வெட்டும் பகுதியை உடனே பார்க்கவில்லை. முதலில் வாலைத்தான் பார்த்தார். அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார். ‘யார் செய்தது?’ என்றார். நான்தான் என்றேன். திட்டவில்லை. தன்னிடம் இருந்த இன்னொரு முனையை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அதன் வாலைக் காட்டினார்: கருங்கறுப்பு, பழுத்த துரு, விரலை வைத்தால் வழுவழுவென்று இருக்கும், கையில் ஒட்டாது. ‘நானூறு வருடத்தில் வந்த நிறம் இது. வயதைச் சொல்வது இதுதான். எழுத்தைவிட இதைத்தான் நான் நம்புவேன்’ என்றார்.

எழுத்தைப் பொய்யாகப் பொறிக்கலாம், எத்தனையோ பேர் பொறித்திருக்கிறார்கள். எழுத்தின் வெட்டுக்குள் இருக்கும் துருவும் வெளியே இருக்கும் துருவும் ஒரே வயதா என்று பார்த்துத்தான் பொய்யைப் பிடிப்பார்கள். நான் அழித்தது அந்தச் சாட்சியை. நல்லவேளை, மேலே நான்கு எழுத்தைத் தொடவில்லை.

வெட்டும் பகுதிக்கு எண்ணெய் போடுங்கள். வாலைத் தேய்க்காதீர்கள், எதைக் கொண்டும்.

மார்ச் 18

நாகோயாவில் இருக்கும் தம்பி கேட்ட சட்டக் கேள்விக்கு. ஈட்டி, நாகினாதா, வாள், மூன்றுக்கும் 15 செ.மீ. அல்லது அதற்கு மேல் வெட்டும் பகுதி இருந்தால் பதிவுச் சீட்டு கட்டாயம். சீட்டில் ஆயுத வகை, நீளம், வாலில் முளை செருகும் துளைகளின் எண்ணிக்கை, கையெழுத்து எல்லாம் இருக்கும். வாங்கிய 20 நாளுக்குள் எந்த மாகாணத்தின் கல்விக் குழு அந்தச் சீட்டைக் கொடுத்ததோ அதற்கு உடைமை மாற்றம் தெரிவிக்க வேண்டும். நீ குடியிருக்கும் மாகாணத்துக்கு அல்ல. வெளிநாட்டவருக்கும் இதே விதி, வாங்கத் தடை இல்லை. சீட்டில்லாத முனையை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாதே. ஊருக்குக் கொண்டுபோக நினைத்தால் ஏற்றுமதி அனுமதி தனி, நம் பக்கத்து ஆயுதச் சட்டம் தனி. டிக்கெட் போடும் முன் இரண்டையும் விசாரி.

மார்ச் 24

நேற்று சனிக்கிழமை, நாரா போய் வந்தேன்.

கனபோ ஏன் ஈட்டியில் இறங்கினார்கள் என்ற கேள்விக்கு எல்லாரும் சொல்லும் பதில் ஹோசோஇன். கோஃபுகுஜி கோயிலின் கிளை மடம் அது. அங்கே இருந்த துறவி இன்எய் (1521–1607) உருவாக்கியதுதான் சிலுவை வடிவ ஈட்டிப் பயிற்சி. சருசாவா குளத்துத் தண்ணீரில் ஈட்டி முனையின் நிழலும் பிறை நிலாவின் நிழலும் சேர்ந்து விழுந்ததைப் பார்த்து அந்த வடிவம் தோன்றியது என்று சொல்வார்கள். குத்தினால் ஈட்டி, வீசினால் நாகினாதா, இழுத்தால் அரிவாள் என்று அந்தப் பயிற்சிக்கே ஒரு பாட்டு உண்டு. மடம் மெய்ஜி காலத்தில் (1868–1912) ஒழிந்தது. இருந்த இடம் இப்போது நாரா தேசிய அருங்காட்சியக வளாகத்துக்குள் வருகிறது. புல்வெளியில் மான்கள் படுத்திருந்தன.

அங்கிருந்து தெங்காய்-மோன் வாசலுக்கு நடந்தேன். 1180-இன் தீயிலும் தப்பியது, 1567-இன் தீயிலும் தப்பியது. 1567-இல் மத்சுநாகா ஹிசாஹிதே என்ற போர்த்தலைவரும் எதிரணியான மியோஷி படையும் தோதாய்ஜி வளாகத்துக்குள்ளேயே மோதினார்கள். பெரிய புத்தர் மண்டபம் எரிந்தது, புத்தரின் தலை விழுந்தது. முறையான மண்டபம் மறுபடி எழ 1709 ஆயிற்று. அதாவது என் முனையை அடித்த ஆள், வேலை செய்துகொண்டிருந்த ஊரிலேயே இதை எல்லாம் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். உலைக்குப் பக்கத்தில் போர், கோயில் எரிகிறது, இவர்கள் எஃகை மடித்து அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

1585-இல் ஹிதேயோஷியின் தம்பி ஹிதேநாகா யமாதோவை எடுத்துக்கொண்டார். 1588-இல் நாடு முழுக்க ஆயுதப் பறிமுதல். கோயில்களின் படைக்கு அத்தோடு முடிவு. தென்ஷோ தேதிகளை இந்த வருடங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கனபோ தழைத்த காலம் எவ்வளவு குறுகியது என்று தெரிகிறது. ஓர் ஆயுள், அதிகம் போனால் இரண்டு.

கேள்வி கேட்டவர் ‘அவசரத்தில்’ என்றார். மொத்த உற்பத்தி நடந்தது உண்மைதான், அதை மறுக்கவில்லை. சாதாரணக் காலாட்படை ஈட்டிகளும் இதே நகரத்தில் அடித்திருப்பார்கள். ஆனால் ஒரே பட்டறைத் தெருவிலிருந்து அதுவும் வரலாம், நிஹோன்கோவும் வரலாம். தரத்தை ஒவ்வொரு முனையாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முதல் நாள் நானும் என் ஒரு முனையை வைத்து மொத்தக் கூட்டத்துக்கும் வாதாடினேன், அதுவும் சரியில்லை.

ஏப்ரல் 2

நாகினாதா பற்றிக் கேட்ட அக்காவுக்குச் சுருக்கமாக: கென்பேய் போர்க்காலத்தில் (1180–1185) நாகினாதாதான் முன்னணி, ஈட்டி பிற்பாடு வந்து இடத்தைப் பிடித்தது. நெருக்கமான வரிசையில் நின்று வீச இடம் கிடையாது, குத்தத்தான் முடியும். பழைய நாகினாதாக்கள் பலவற்றின் வாலை வெட்டி, முதுகை இழைத்து, குறுவாளாக மாற்றிவிட்டார்கள். நாகினாதா-நாவோஷி என்று பெயர். நீங்கள் படத்தில் காட்டியது அப்படி ஒன்றாக இருக்கலாம். நுனிப் பக்கம் முதுகு மெலிந்து இறங்குகிறது பாருங்கள், அது ஒரு அடையாளம். கையில் எடுக்காமல் இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 14

முழு மெருகு வேண்டாம், ஜன்னல் மட்டும் திறங்கள் என்று பெரியவரிடம் கொடுத்திருந்தேன். ஒரு சின்ன இடத்தை மட்டும் மெருகேற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. நேற்று வாங்கி வந்தேன்.

சரிந்த பக்கம் ஒன்றில், நடுவில், இரண்டு சென்டிமீட்டர். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்க வேண்டும். எஃகு லேசாக வெளுத்த சாம்பல் நிறம். முதுகுப் பக்கம் பலகை மரத்தின் சுழி போல இழை. விளிம்பை நோக்கி வரவர அது நேராகி, பனையோலை நரம்பு மாதிரி ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஓடுகிறது. அந்த நேர் இழை யமாதோவின் பழைய அடையாளம். தோய்ச்சல் கோடு விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது, கிட்டத்தட்ட நேர்கோடு. அதன் மேல் ஓரத்தில் பனி படிந்த மாதிரி நுண்ணிய துகள்கள், ஓர் இடத்தில் மட்டும் கோட்டை விட்டு மேலே சிதறியிருக்கின்றன. வீட்டில் என் மகளும் எட்டிப் பார்த்து, ‘உள்ளே மழை பெய்யுதுப்பா’ என்றாள்.

‘கனபோதானா?’ என்று பெரியவரிடம் கேட்டேன். மறுக்க ஒன்றும் இல்லை என்றார், அவ்வளவுதான். வாலில் நான் தேய்த்த இடத்தைக் காட்டி, ஏதாவது பூசி நிறத்தைச் சரி செய்யலாமா என்றும் கேட்டேன். வேண்டவே வேண்டாம், மருந்து போட்ட துரு எவன் கண்ணுக்கும் தெரியும் என்றார். அவ்வப்போது கையில் எடுத்துப் பார்த்தாலே போதும், கைபட்டு மெல்ல நிறம் ஏறும், அவசரப்படாதே என்றார்.

மூன்று வருடம் ஆகியும் அந்த இடம் இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கிறது. ஓரங்களில் மட்டும், மிக லேசாக, பழுப்பு இறங்கத் தொடங்கியிருக்கிறது.